கஹவத்தைச் சேவல் சுமந்த பழி

பவளக்கா இறந்த செய்தி வகுப்பறையில் இருக்கும்போது வந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த ஃபோன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தேன். "டீச்சர், அம்மா போயிட்டாங்க," என்றாள் அவருடைய மகள் கோமதி. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாவது நாள். முதல் மூன்று நாள் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் இறப்பர் பால்வெட்டுக்கும் போய்வந்திருக்கிறார். கூட்டிப்போனபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டுவிட்டதாம்.

வெளியே வந்து நின்றேன். அப்போது என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. பவளக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிம்மதி. சில நொடிகள்தான் இருந்திருக்கும். ஆனாலும் வந்தது. அதை மறைத்துவிட்டு என்னால் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

நம் கோழி வளர்ப்புக் குழுப் பெண்களான நீங்கள், முப்பதாம் நாளுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். "டீச்சர் எழுதுனாத்தான் நல்லாருக்கும்," என்று சரோஜா என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் எழுதியது இதுதான். படித்துவிட்டு, அச்சடிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதை வெளியாட்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பவளக்கொடி, இலங்கையின் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் கீழ் டிவிசனைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்து நான்கு. என்னைவிட ஏழு வயது மூத்தவர். விடிந்ததும் பால்வெட்டு, மத்தியானம் பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோவது, அதன் பிறகு கோழிகள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மேட்டை வெட்டிச் சமன்செய்து, பழைய தகரத்தாலும் மூங்கிலாலும் அவரே கட்டிய கூட்டில் அறுபது நாட்டுக்கோழிகள்வரை நின்றன. நம் குழுவில் பதினான்கு பேர் கோழி வளர்த்தோம். ஆனால் அடைக்கு வைக்கும் முட்டை எல்லோருக்கும் பவளக்கா வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் தலைவி, நான் செயலாளர். அவருக்குக் கோழியைத் தெரியும். எனக்கு எழுதத் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்களப் பெண்கள் வந்து லயத்து வாசலில் நின்று, "கம் பித்தர தியனவாத?" என்று கேட்பார்கள். நாட்டுக்கோழி முட்டை இருக்கிறதா என்று. பவளக்கா முதலில் "மொனவடத?" என்பார், எதற்கு என்று. சமைக்க என்றால் ஒரு கூடையிலிருந்தும் அடைக்கு வைக்க என்றால் இன்னொரு கூடையிலிருந்தும் எடுத்துக் கொடுப்பார். அடை முட்டைகளில் எந்தக் கோழி இட்டது என்று கரியால் ஒரு குறி இருக்கும். நம் லயங்களில் எந்தப் பெண் பிள்ளை உண்டாகியிருந்தாலும், கேட்காமலே வாரத்துக்கு நாலு முட்டை அவள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருக்கும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. சாப்பிட்டவர்கள் நீங்கள், உங்களுக்கே தெரியும்.

கோயில் திருவிழா ஒன்று நினைவுக்கு வருகிறது. காவல் தெய்வத்துக்கு அறுக்க, கூட்டிலேயே பெரிய செவலைச் சேவலைக் கேட்டுக் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். அந்தச் சேவல் அத்தனை அழகு. நெஞ்சு அகலம், கால் கட்டை விரல் தடிமன். பவளக்கா கொடுக்க மறுத்தார். சாமிக்கே இல்லை என்கிறாயா என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"சாமிக்கு மூணு சேவல் தாரேன், ஒண்ணுக்கு மூணு. நானே அறுத்து, நானே கொழம்பும் வச்சுத் தாரேன். இவன மட்டும் கேக்காதீங்க. நல்லதையெல்லாம் தின்னுட்டு நோஞ்சானுக்கு முட்டை வச்சா, இன்னும் மூணு வருசத்துல சாமிக்குப் புறாதான் அறுக்கணும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கமிட்டிக்காரர்களும்தான். மூன்று சேவல்களும் போயின. அறுப்பதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. பாசமாக வளர்த்தவர் எப்படி அறுக்கிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "திங்கத்தானே வளக்கிறோம் டீச்சர். திங்கிற அன்னைக்கு வரைக்கும் அது நல்லா இருக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

அந்தச் செவலைக்கு வயதானது. கூட்டிலிருந்த இளம் கோழிகள் பாதிக்கு மேல் அதன் பெண்பிள்ளைகளாகிவிட்டன. பொரித்த குஞ்சுகளில் சில கால் மடங்கி நின்றன. "அண்ணன் தங்கச்சியக் கட்டி வச்ச மாதிரி ஆயிடும். வேற ரத்தம் வேணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கஹவத்தைக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு தோட்டத்தில் அவருடைய சித்தி மகள் இருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய், கழுத்தில் இறகே இல்லாத ஒரு கறுப்புச் சேவலைக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பஸ்ஸில் அது கூவியதாம். ஒரு புத்த பிக்கு சிரித்துக்கொண்டே பக்கத்தில் இடம் கொடுத்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார்.

ஆனால் அந்தச் சேவலை அவர் கூட்டுக்குள் விடவில்லை. லயத்துக்குக் கீழே ஓடும் வடிகாலான கானுக்கு அந்தப் பக்கம், பலா மரத்தடியில் தனிக் கூடு. தனித் தண்ணீர்ச் சட்டி. அதற்குத் தீனி வைத்தால் கால் கழுவிவிட்டுத்தான் திரும்பி வருவார். வெளிக்கோழி எது வந்தாலும் பதினான்கு நாள் அங்கேதான். குழுவில் எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும். அதைக் குழுவின் குறிப்புக் கொப்பியில் எழுதியவளே நான்தான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ நான் அங்கே போனேன். "மாப்பிள்ளைய இன்னும் வீட்டுக்குள்ள எடுக்கலையா?" என்று கேலி செய்தேன். "பதினாலு முடியட்டும் டீச்சர். நோவு இருந்தா அதுக்குள்ள காட்டிக் குடுத்துடும்," என்றார். பலா மரத்தடியில் அந்தக் கறுப்புச் சேவல் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது இனி விளங்கும்.

சேவல் கூட்டுக்குள் போய் ஒரு மாதம் இருக்கும். கோமதிக்குப் பிரசவ நேரம் என்று பவளக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட்டுச் சாவி என்னிடம். பள்ளிக்கூட விடுமுறைக் காலம் அது. அதே வாரம் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் நம் குழுவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று தருவது பற்றி யோசிக்கிறார்களாம். நான் அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் கோழிகளின் எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருந்தேன். கூட்டில் உண்மையில் ஐம்பத்திரண்டுதான் நின்றன. மீதி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம் வந்துவிட்டது.

வருவதற்கு முதல் நாள் சந்தைக்குப் போனேன். சிங்களத்தில் பொல என்பார்களே, அந்த வாரச் சந்தை. ஒரே வியாபாரியிடம் பத்து நாட்டுக்கோழிகளை வாங்கினேன். நீல நைலோன் கயிற்றால் கால்களைக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். இரண்டு கோழிகள் தூங்கி வழிந்தன. வெயிலால் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் மலையில் வேலையில் இருந்த நேரத்தில் த்ரீவீலில் கொண்டுவந்து, கயிற்றை வெட்டி, பவளக்காவின் கூட்டுக்குள் விட்டேன். கானுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே விட்டால் எண்ணிக்கையில் சேராது.

வந்தவர்கள் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். நான் நன்றாகப் பேசினேன். சேவலைத் தனியே வைக்கும் பதினான்கு நாள் சட்டத்தைப் பற்றிக்கூடப் பேசினேன். அவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு பவளக்கா வந்தார். கூட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர், அந்த வெள்ளப் பெட்டை யாருது?"

"நம்ம ஆளுங்கக்கிட்டதான், பாக்க வாராங்கன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு கொண்டாந்து வச்சேன். நாளைக்குக் குடுத்துடுறேன்."

என் முகத்தைப் பார்த்தார். "நம்ம ஆளுங்க கோழி எனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் நான் அவற்றை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வெள்ளைப் பெட்டை செத்தது. பிறகு மற்றவை. பச்சையாகக் கழிச்சல், கழுத்து முறுகிப் பின்னால் திரும்பிக்கொள்ளும், சுற்றிச் சுற்றி விழும். தடுப்பு மருந்து போட வேண்டிய மாதம் அது, மருந்து எங்கும் கிடைக்கவில்லை. கூட்டோடு நிற்கவில்லை நோய். லயத்தைச் சுற்றி மேயும் கோழிகளுக்கு வேலி ஏது? பன்னிரண்டு நாளில் பதினான்கு வீட்டிலும் கோழிச் சத்தம் ஓய்ந்தது. உங்களில் யாருக்கும் அந்த நாட்களை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சரோஜா, உங்கள் மகளின் சடங்குச் சாப்பாட்டுக்கென்று வளர்த்த இருபத்திரண்டு கோழிகளையும் நீங்கள் ஒரே குழியில் போட்டு மூடினீர்கள். குழி வெட்டியது பவளக்கா. கறுப்புச் சேவலையும் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே அவர் புதைத்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டம்தான் என்னைத் தூங்கவிடாதது. மிருக வைத்தியர் வந்திருந்தார். வெளியிலிருந்து கோழி ஏதாவது வந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். சரோஜா சொன்னார்: "பவளக்கா கஹவத்தையிலருந்து சேவல் கொண்டாந்தாங்களே." இதைச் சொன்னதற்காக நான் சரோஜாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வெளிக்கோழி அதுதான். வேறு யாரோ ஆமாம் என்றார்கள். யாரோ அழுதார்கள். சத்தம் கூடியது.

பவளக்கா எழுந்தார். "சேவல பதினாலு நாள் கானுக்கு அந்தப் பக்கம் வச்சிருந்தேன். ஒரு நோவும் இல்ல." யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க வந்து பாத்தீங்கதானே? மாப்பிள்ளைன்னு கூட கேலி பண்ணீங்களே."

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

"வந்தேன்தான்," என்றேன். "ஆனா அது எத்தனாவது நாள்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வாக்கியம் அது. யோசித்துத்தான் சொன்னேன். பவளக்கா உட்கார்ந்துவிட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி முடிந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. நீல நைலோன் கயிற்றுத் துண்டு. செத்த கோழி எதன் காலிலோ அது வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்திருக்கிறது. அதை அவர் எடுத்து நீட்டியிருந்தால் போதும். அவர் நீட்டவில்லை. நான் கொப்பியைத் திறந்து, "தலைவி பவளக்கொடி கஹவத்தையிலிருந்து கொண்டுவந்த சேவல் மூலம் நோய் பரவியது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அன்றே அவரைத் தலைவி பொறுப்பிலிருந்து எடுத்தோம். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவருக்கு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவர் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. பேத்திக்குப் பேர் வைத்தபோது கீழ் டிவிசனில் பாதிப்பேர் போகவில்லை. நானும் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் மறுபடி கோழி வளர்க்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வளர்க்காமல் இருக்க வேண்டும் என்றும் விரும்பினேன். ஆனால் நோய் வருவதற்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து சோமாவதி என்ற பெண் அவரிடம் அடை முட்டை வாங்கிப்போயிருந்தார். அந்தக் குஞ்சுகள் அங்கே தப்பிப் பிழைத்து முட்டையிடத் தொடங்கியிருந்தன. பவளக்கா நாலு மாதம் பொறுத்தார். கூட்டைப் பிரித்து, சுண்ணாம்பு அடித்து, மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டார். பிறகு சோமாவதியிடம் போய்த் தன் கோழிகளின் முட்டைகளைத் தானே கேட்டு வாங்கிவந்தார். ஒன்பது. ஏழு பொரித்தன. அங்கிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டு வருடத்துக்குள் உங்களில் பலர் அவரிடம் மறுபடி முட்டை வாங்கினீர்கள். ஆனால் வாங்கும்போது ஒரு வார்த்தை சேர்த்தே கேட்டீர்கள்: "நோவு ஒண்ணும் இல்லையே பவளக்கா?" அவர் "இல்ல" என்பார். ஒவ்வொரு தடவையும்.

என் வீட்டுக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். போன வருடம், மழைக்காலம். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நான் ஏதோ தொடங்கினேன். "பவளக்கா, அன்னைக்கு..." அவரே சொன்னார்.

"கயித்தக் காட்டியிருப்பேன் டீச்சர். ஸ்கூல்ல பிள்ளைங்க உங்கள எப்பிடிப் பாக்கும்னு நெனச்சேன். என் மகளுக்கும் நீங்கதானே எழுத்துக் காட்டிக் குடுத்தீங்க. அப்பறம், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். ஒரு மாசம், ரெண்டு மாசம். இப்ப நெனக்கிறதில்ல."

"என்ன மன்னிச்சிடுங்க," என்றேன்.

"அத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி? அவங்க எல்லாரும் என்ன கேக்குறாங்க, நோவு இருக்கா நோவு இருக்கான்னு." குரல் உயரவில்லை. "நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சண்ட போட எனக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான்."

அவர் வந்தது வேறு காரியத்துக்காக. பள்ளிக்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வாரம் ஒருமுறை முட்டை தர விரும்புவதாகவும், அதற்கு அதிபரிடம் நான் பேச வேண்டும் என்றும் கேட்டார். பேசினேன். தன் பெயரைச் சொல்ல வேண்டாம், பிள்ளைகளின் அம்மாமார் பயப்படுவார்கள் என்றார். சாகும்வரை தந்தார். உங்கள் பிள்ளைகள் சாப்பிட்ட முட்டை அது.

அவர் படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு நாள் புறப்பட்டேன். இரண்டு நாளும் தெஹியோவிட்ட பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவிட்டேன். வார்டில் நான்கு பேர் முன்னால் அவர் அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் என்று பயம். சாகக்கிடந்தவர் என்ன சொல்வார் என்றுதான் பயந்தேன், அவர் எப்படி இருப்பார் என்று அல்ல.

இதை எழுத உட்காரும் முன் கோமதியிடம் போனேன். அவள் வழியாக உங்களுக்குத் தெரிவதைவிட என் வழியாகத் தெரிய வேண்டும், ஆனால் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். அம்மா அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு எழுந்தாள்.

"நாலு வருசம் டீச்சர். எங்கம்மா பீலிக்குத் தனியா போனாங்க, நாலு வருசம்."

"குழுவுக்கு இத எழுதப்போறேன்," என்றேன்.

"எழுதுங்க. உங்க பேரு போட்டு எழுதுங்க. சந்தையையும் எழுதுங்க."

திரும்பப் புறப்பட்டபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை, அடுத்த மாதம் அங்கே போகிறார்கள். கோழிகளை என்னிடம் விட்டுப்போக நினைத்திருந்தாளாம், எனக்குத்தான் அம்மாவின் முறை எல்லாம் தெரியும் என்று. இப்போது யோசித்தாள்.

"வேற யாருக்கும் அம்மா முறை முழுசா தெரியாது. கொண்டுபோங்க," என்றாள். "ஆனா உங்க கோழின்னு சொல்லக் கூடாது."

கூட்டத்தில் எழுதிய கொப்பியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வரியை அடித்து, கீழே நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலாளர் பொறுப்பை இந்தத் தாளோடு விடுகிறேன். இதற்குப் பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். பீலிக்கரையில் பேச்சு நின்றால் அது இனி எனக்காக நிற்கட்டும்.

அவரில் எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால், அன்பான ஒரு சொல்லையோ அவர் தந்த ஒரு பொருளையோ என்னால் காட்ட முடியாது. பதினேழு கோழிகளும் இரண்டு சேவல்களும் இப்போது என் வீட்டுப் பின்பக்கத்தில் நிற்கின்றன. முந்தாநாள் சோமாவதி முட்டை கேட்டு வந்தார். வேலியருகே நின்று பார்த்துவிட்டு, "மே டீச்சர்கே குக்குளோத?" என்றார், இவை டீச்சருடைய கோழிகளா என்று.

"நே," என்றேன், இல்லை என்று. "பவளக்காகே."